மூன்று நாள் இளையவர்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணிப் பேராசிரியர் ஐயாவுக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்து மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். ஐயா பேசிய வேகத்தில் எனக்கே அது மறந்துபோயிற்று. "சோழர் வரலாற்றுக்காக நாம் பெரிதும் கடன்பட்டிருப்பது கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாருக்கா, தி.வை. சதாசிவ பண்டாரத்தாருக்கா?" ஐயா சாஸ்திரியாருக்கே என்றார். நான் பண்டாரத்தாருக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஐயா அரைமணி நேரம் சொன்னதன் சாரம் இது: சாஸ்திரியார் போட்ட சாலையில்தான் பண்டாரத்தார் நடந்தார். சீனக் குறிப்புகள், இலங்கை மகாவம்சம், அரபு வணிகர்களின் எழுத்து என்று கடல் கடந்த சான்றுகளைச் சேர்த்தவர் சாஸ்திரியார். உலகம் சோழர்களை அறிந்தது அவருடைய ஆங்கிலத்தால். பண்டாரத்தார் நல்ல தமிழாசிரியர்தான், ஆனால் வரலாற்றாசிரியருக்கு வேண்டிய விலகல் அவரிடம் இல்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது ஐயா லேசாகச் சிரித்தார். நானும் பள்ளிக்கூடத் தமிழாசிரியைதான். அதனால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது.

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியில் நீலகண்ட சாஸ்திரியார் பிறந்தது 1892 ஆகஸ்ட் 12. இதோ பக்கத்தில் இருக்கிற திருப்புறம்பியத்தில் சதாசிவ பண்டாரத்தார் பிறந்தது 1892 ஆகஸ்ட் 15. மூன்றே நாள் வித்தியாசம். தாமிரபரணிக் கரையில் ஒருவர், காவிரி நாட்டில் ஒருவர். இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க எழுதியது பாண்டியரையும் சோழரையும் பற்றி. சாஸ்திரியாரின் பாண்டியர் பற்றிய ஆங்கில நூல் 1929-ல் வந்தது. அடுத்த ஆண்டே, 1930-ல், பண்டாரத்தாரின் 'முதற் குலோத்துங்க சோழன்' வந்தது. சாஸ்திரியாரின் சோழர் நூல் 1935-லும் 1937-லும் வெளியாயிற்று. பண்டாரத்தாரின் 'பாண்டியர் வரலாறு' 1940-ல். சோடிக் குதிரை மாதிரி ஓடியிருக்கிறார்கள். என்ன, ஒரு குதிரை தேரில் பூட்டப்பட்டிருந்தது. இன்னொன்று வண்டியில்.

தேர் என்று ஏன் சொல்கிறேன்? திருநெல்வேலி இந்துக் கல்லூரி, காசிப் பல்கலைக்கழகம், சிதம்பரம் மீனாட்சி கல்லூரி எல்லாம் பார்த்துவிட்டு, 1929-ல் சாஸ்திரியார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறைப் பேராசிரியர் ஆகிறார். அப்போது அவருக்கு வயது 37. துறை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். 1946 வரை அந்தப் பதவியில் இருக்கிறார். பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகம், 1957-ல் பத்மபூஷண். எல்லாம் தகுதியால் வந்தவை, மறுக்கவில்லை.

அதே 37 வயதில் பண்டாரத்தார் எங்கே இருந்தார்? இந்த மேடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில். 1917-லிருந்து 1942 வரை 25 ஆண்டுகள் அங்கே தமிழாசிரியர். எம்.ஏ. கிடையாது. பள்ளி ஆசிரியர் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து பாடவேளை தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு, கட்டுரை நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு அப்புறம் மிச்சம் இருக்கிற நேரம்தான் ஆராய்ச்சிக்கு. அப்படி மிஞ்சிய நேரத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டி, 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்' இதழ்களில் கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1942-ல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கேயும் தமிழ்த் துறைக்குத்தான் போனார், வரலாற்றுத் துறைக்கு இல்லை. நம் ஊரில் வரலாறு எழுதுகிறவனுக்கு எந்த அறையில் நாற்காலி போடுவது என்பதே ஒரு பெரிய அரசியல்தான். சரி, அது வேறு பட்டிமன்றம்.

இப்போது சாலை விஷயத்துக்கு வருகிறேன்.

சாஸ்திரியார் போட்ட சாலையில் பண்டாரத்தார் நடந்தார் என்றீர்கள். ஐயா, அந்தச் சாலையைச் சாஸ்திரியாரும் போடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது கரிகாலன் என்றுதான் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 1886-ல் சென்னை மாகாண அரசு ஹுல்ச் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டு அறிஞராக நியமித்தது. அவரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னால் அந்தப் பொறுப்புக்கே வந்த வெங்கய்யாவும், அவருக்குப் பின் கிருஷ்ண சாஸ்திரியும் கல்லைப் படித்துத் தொகுதி தொகுதியாக அச்சிட்ட பிறகுதான் ராஜராஜன் வெளியே வந்தான். அவர்களுக்கும் கீழே பெயர் தெரியாத பணியாளர்கள் இருந்தார்கள். கோயில் சுவரில் நூறு வருட எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் சுரண்டி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மைப்படி என்பார்கள். ஒரு சுவரை முடிக்கச் சில நேரம் நாள் கணக்கில் ஆகும். வெயில் ஏறினால் தாள் காய்ந்துவிடும், காற்று அடித்தால் பிய்ந்துவிடும். அப்புறம் ஆண்டுக் கணக்கு. கல்வெட்டில் உள்ள நட்சத்திரம், திதி, கிழமையை வைத்து எந்த அரசன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான் என்று கீல்ஹார்ன் கணக்குப் போட்டார், சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்டார். இத்தனை பேர் கல் உடைத்துப் போட்ட சாலையில் சாஸ்திரியாரும் நடந்தார், பண்டாரத்தாரும் நடந்தார். சாஸ்திரியார் முன்னால் போனார். ஒப்புக்கொள்கிறேன். பண்டாரத்தாரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய அடிக்குறிப்புகளில் சாஸ்திரியாரின் நூல் திரும்பத் திரும்ப வரும். முன்னால் போனவரை மறைத்துக்கொண்டு போகிற வழக்கம் அவருக்கு இல்லை.

கடல் கடந்த சான்றுகள்? அதிலும் வாதாடப் போவதில்லை. ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைப் பற்றி எழுத, சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசைப் பற்றித் தெரிய வேண்டும். அதற்குப் பிரெஞ்சு அறிஞர்களின் எழுத்தும் சீனர்களின் குறிப்பும் தெரிய வேண்டும். சாஸ்திரியார் அதில் மலை. ஸ்ரீவிஜயத்துக்குத் தனி நூலே எழுதினார். பண்டாரத்தாரிடம் அந்த அகலம் இல்லை. அரசர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்ந்தும் விடுவார். எதிரணி ஐயா கைதட்டலாம், இந்த இடம் உங்களுடையது.

ஆனால் நடுவர் அவர்களே, கடன் என்பது கடைசியில் நம் கையில் என்ன வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. அதற்கு நான் 1915-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு யதுநாத் சர்க்கார், ஔரங்கசீப்பைப் பற்றிப் பெரிய வரலாறு எழுதிக்கொண்டிருந்த வங்காளத்து அறிஞர், 'மாடர்ன் ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாய்மொழிகளில் நல்ல வரலாற்று நூல்கள் இல்லையே, தாய்மொழியில் எழுத வேண்டும், கற்பிக்க வேண்டும் என்று வருந்தினார். இதற்கு மறுப்பாகத் திருநெல்வேலியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் கடிதம் போட்டார். வரலாற்றுப் பொருளைச் சொல்வதற்குத் தமிழைவிட ஆங்கிலமே எனக்கு வசதியாக இருக்கிறது, தாய்மொழி இந்த வகையில் அவ்வளவு வளமாக இல்லை போலும் என்பது கடிதத்தின் கருத்து. எழுதியவர் நீலகண்ட சாஸ்திரியார். வயது இருபத்துமூன்றை ஒட்டி. அதைப் படித்துவிட்டுப் புதுச்சேரியில் இருந்த ஒருவருக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி. கடுமையாகவே எழுதிவிட்டார்.

பாரதி படித்த அதே நெல்லை இந்துக் கல்லூரியில்தான் சாஸ்திரியார் அப்போது வேலை பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரே வளாகம், இரண்டு முடிவுகள்.

நான் பாரதியைப் போல் கோபப்படப் போவதில்லை. சாஸ்திரியார் பொய் சொல்லவில்லை, தனக்கு எது வசதி என்பதைச் சொன்னார். அன்றைய கல்வி முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் மு. இராகவையங்கார் போன்றவர்கள் அந்தக் காலத்திலேயே வேளிரைப் பற்றியும் செங்குட்டுவனைப் பற்றியும் தமிழில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழில் முடியாது என்பதற்கும் எனக்குத் தமிழில் வராது என்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பெரியது. அந்த இடைவெளியைச் சோழர் வரலாறு முழுவதற்கும் அடைத்துக் காட்டியவர் பண்டாரத்தார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதி 1949, இரண்டாம் பகுதி 1951. விஜயாலயனில் தொடங்கி மூன்றாம் ராஜேந்திரன் வரை, சுமார் 430 ஆண்டுகள்.

"அதனால் என்ன, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார், அவ்வளவுதானே?" என்று ஐயா கேட்பது கேட்கிறது. அதுதான் இல்லை. இங்கேதான் என் வழக்கே இருக்கிறது.

ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து வரும் பகுதி, எல்லோருக்கும் தெரியும். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கும். அதில் அவனுடைய முதல் வெற்றியாக வருவது "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்ற தொடர். கலம் அறுத்தான். எந்தக் கலம்? கப்பல் என்றால், சேரனின் கடற்படையை அழித்தான் என்று ஆகிறது. உண்கலம் என்றால், சாலை என்பது சோறு போடுகிற இடமாகி, அங்கே நடந்த உணவு ஏற்பாட்டில் அரசன் கை வைத்தான் என்று ஆகிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த ஒரு தொடருக்காகவே 'காந்தளூர்ச் சாலை' என்று தனி நூல் எழுதினார். குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய அதே கவிமணிதான். ஒரு சொல்லுக்காகப் படித்தவர்கள் எல்லாம் வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இப்போது கவனியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இந்த வரிக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தே தீர வேண்டும். 'ஷிப்' என்று எழுதினால் கப்பல். 'பாட்' என்று எழுதினால் பானை. எழுதிய அந்த நொடியில் சந்தேகம் செத்துப்போகும். படிக்கிறவனுக்கு இங்கே ஒரு வழக்கு நடக்கிறது என்பதே தெரியாது. அடிக்குறிப்பில் போட்டால் உண்டு. தமிழில் எழுதுகிறவர் "கலம்" என்றே எழுதலாம். சந்தேகம் உயிரோடு இருக்கும். வாசகன் தானே நின்று யோசிப்பான்.

எதிரணியில் யாரோ 'வெசல்' என்று மெல்லச் சொல்கிறார்கள். காதில் விழுந்தது. கெட்டிக்காரத்தனமான குறுக்கீடு. 'வெசல்' என்றால் கப்பலும் ஆகும் பாத்திரமும் ஆகும், சரி. நெல் அளக்கிற கலம்? பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலம்? அதை எந்த 'வெசலில்' ஊற்றுவீர்கள்?

இது ஒரு சொல்லோடு முடிகிற விஷயம் இல்லை. சோழர் கல்வெட்டில் வரி வசூல் அலுவலகத்துக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ரெவின்யூ டிபார்ட்மெண்ட்' என்று எழுதிவிடலாம். தப்பில்லை. அதைத் திரும்பத் தமிழாக்கினால் 'வருவாய்த் துறை' என்று வரும், நம் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வரும். ஆனால் திணைக்களம் என்ற சொல் சாகவில்லை. இன்றைக்கும் இலங்கையில் எந்த அரசு அலுவலகப் பலகையைப் பார்த்தாலும் திணைக்களம்தான். 'வெட்டி' என்று ஒரு சொல் கல்வெட்டுகளில் வரும். கூலி இல்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை. "வெட்டி வேலை பார்க்காதே" என்று நேற்றுகூட என் மகனைத் திட்டினேன். காணி, குடிமை, வரி நீங்கிய இறையிலி, ஓலை எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்தில் போய்த் தமிழுக்குத் திரும்பி வரும்போது இந்தச் சொற்கள் எல்லாம் வழியிலேயே இறங்கிக்கொள்கின்றன. பண்டாரத்தாரின் நூலில் அவை இறங்குவதே இல்லை. அதோடு நிற்காமல் சோழர்களின் மெய்க்கீர்த்திகளையே நூலின் பின்னால் சேர்த்துவிட்டார். என் முடிவை நம்பாதே, இதோ மூலம், நீயே படி என்று சொன்னதற்குச் சமம் அது. இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட எடுத்துப் படித்துவிட்டு எழுந்து கேள்வி கேட்கலாம்.

சாஸ்திரியார் என்ன செய்ய வேண்டியிருந்தது? ராஜராஜன் காலத்து அரசாட்சியின் ஆடம்பரத்தை விளக்க 'பைசாந்திய' முடியாட்சி என்று சொன்னார். ஆங்கிலம் படித்த உலகத்துக்கு அந்த உவமை உடனே புரியும். நம் சோழன் மாளிகை ஊர்க்காரருக்குப் புரியுமா? அவர் பைசாந்தியத்தை விளக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். ஆடம்பரம் என்று சாதாரணமாகச் சொன்னால் போகிற இடத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் வரை போய் வருவது, யாருக்காக எழுதுகிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தச் சித்திரத்தையே பின்னால் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980-ல் உலுக்கினார். சோழ அரசு அவ்வளவு இறுக்கமாக மேலிருந்து ஆண்ட அரசே இல்லை என்று வாதிட்டார். அவருக்கும் மறுப்புகள் வந்தன, அது நீண்ட கதை.

விலகல் இல்லை என்றீர்கள். அதற்கு வருகிறேன்.

பண்டாரத்தாரின் பெயருக்கு முன்னால் இருக்கிற 'தி' திருப்புறம்பியம். கல்கியின் தொடர்கதை படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பள்ளிப்படையில், அதாவது இறந்த அரசனுக்கு எழுப்பிய சமாதிக் கோயிலில், சதிகாரர்கள் நள்ளிரவில் கூடியது ஞாபகம் இருக்கும். ஆனால் கதைக்கு முன்பே அந்த ஊருக்கு வரலாறு உண்டு. கி.பி. 880-ஐ ஒட்டி அங்கே ஒரு பெரும்போர். பாண்டியன் வரகுணன் ஒரு பக்கம். பல்லவன் அபராஜிதன், கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதி, சோழன் முதலாம் ஆதித்தன் மறுபக்கம். கங்க மன்னன் களத்திலேயே இறந்தான். ஜெயித்தது பல்லவன் பக்கம். லாபம் பார்த்தது சோழன். அதுவரை பல்லவனுக்குக் கீழே இருந்த சிற்றரசன், சில ஆண்டுகளில் அந்தப் பல்லவனையே வீழ்த்தித் தொண்டை மண்டலத்தைப் பிடித்தான். அப்புறம்தான் பராந்தகன், ராஜராஜன், ராஜேந்திரன் எல்லாம். சோழப் பேரரசுக்கு அடிக்கல் விழுந்த வயல்காட்டில் ஓடி விளையாடிய பையன் அந்தச் சோழர்களின் வரலாற்றை எழுதினான்.

இது விலகலைக் கெடுக்குமா? கெடுக்கலாம். ஆனால் விலகி நிற்கிறவனுக்குக் கிடைக்காத ஒன்றையும் கொடுக்கும். பழையாறையைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று ஊர்கள் இருக்கின்றன. வெளியூர்க்காரருக்கு அவை பஸ் போர்டில் இருக்கிற பெயர்கள். இந்த ஊர்க்காரருக்கு அவை சோழர் தலைநகரைச் சுற்றி இருந்த படைவீடுகள். கல்வெட்டில் ஓர் ஊர்ப்பெயர் சிதைந்து பாதியாக இருந்தால், மீதியை நிரப்புவதற்கு வரைபடம் மட்டும் போதாது. அந்த வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விலகலுக்கு உதாரணமாக ஐயா ஜப்பானியர் நொபொரு கராஷிமாவைச் சொன்னார். நல்ல உதாரணம், ஆனால் என் பக்கத்துக்கு. 1960-களில் சென்னைக்கு வந்து கல்வெட்டு படித்தார் அவர். அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, வேளாளர் ஊரில் நிலம் கூட்டாக இருந்ததையும் பிராமணர் ஊரில் தனித்தனியாக இருந்ததையும் காட்டினார். பிறகு எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து 1978-ல் மூன்று தொகுதி போட்டார். அவர் ஆங்கிலத்தில் எழுதினார், உண்மை. ஆனால் கேள்வியைக் கல்வெட்டின் தமிழுக்குள் போய்த்தான் எடுத்தார். டோக்கியோவிலிருந்து இவ்வளவு தூரம் பயணப்பட்டவரைக் காட்டி, திருப்புறம்பியத்திலேயே இருந்தவரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

சரி, பண்டாரத்தாரின் ஆராய்ச்சி வெறும் ஊர்ப்பாசம்தானா? ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ஒரு கல்வெட்டு. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. "பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்" என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிபோன செய்தி அதில் இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்த பெரிய சான்று இதுதான். இதைப் பதிப்பித்தவரே நீலகண்ட சாஸ்திரியார். அவர் இதிலிருந்து ஒரு முடிவுக்குப் போனார். கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் உத்தம சோழன் சுமார் 15 ஆண்டு ஆண்டிருக்கிறான், அவன் காலத்தில் துரோகிகள் தண்டிக்கப்படவில்லை, அப்படியானால் உத்தமன் மேல் சந்தேகம் விழுகிறது என்றார். தர்க்கம் பலமாகத்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத் தமிழாசிரியராக இருந்து வந்தவர் இதை ஏற்கவில்லை. உத்தமனுக்கு இதில் பங்கில்லை என்று எழுதினார். யாரை எதிர்த்து? அந்தத் துறையின் பெரும் பேராசிரியரை. எதை வைத்து? அதே பேராசிரியர் பதிப்பித்த கல்வெட்டையே வைத்து. சந்தேகப்படாமல் இருப்பதற்கும் பலமான காரணம் ஒன்று உண்டு. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் உயர்ந்த பதவியில் இருந்தவன், கோயில் காரியங்களை விசாரித்தவன். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்கு யார் அப்படி ஒரு பதவி கொடுப்பார்கள்? இன்றைக்கும் இந்த வழக்கு முடியவில்லை. யூடியூபைத் திறந்தால் ஆளுக்கு ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 'விலகல் இல்லாதவர்' என்று நீங்கள் சொன்ன மனிதர், இருந்த பெரிய பேரிலிருந்து எவ்வளவு விலகி நின்றார் என்பதை மட்டும் பாருங்கள்.

குலோத்துங்கன் நூலையும் சொல்லியாக வேண்டும். தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன், தாய் வழியில் ராஜேந்திரனின் பேரன். 1070-ல் சோழ அரியணைக்கு வந்தது எப்படி என்பதே ஒரு மர்மம். கலிங்கத்துப் பரணியைக் கேட்டால், நாடு தவித்துக்கொண்டிருந்தது, திருமாலே குலோத்துங்கனாக வந்து காத்தார் என்னும். எதிரியான மேலைச் சாளுக்கியப் பக்கத்துப் புலவர் பில்கணரைக் கேட்டால் கதை தலைகீழ். இவன் வந்து பறித்துக்கொண்டான் என்பார். பரணியைப் பாட்டாக ரசிக்கிற தமிழாசிரியர் ஜெயங்கொண்டார் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார் என்றுதானே நினைப்போம்? பண்டாரத்தார் அதைக் கல்வெட்டோடு உரசிப் பார்த்தார். பொருந்தினதை எடுத்தார். பாட்டை எங்கே நம்ப வேண்டும், எங்கே ரசித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று தெரிவதற்குப் பாட்டு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் ஐயா. அது தமிழாசிரியரின் குறை இல்லை, தொழில்.

உலகம் சோழர்களை அறிந்தது சாஸ்திரியாரால் என்றீர்கள். சத்தியம். ஆனால் தலைப்பில் 'நாம்' என்று இருக்கிறது. சாஸ்திரியாரின் சோழர் நூல் முழுதாகத் தமிழுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் இந்த மாவட்டத்தில் எத்தனை கோயில் அர்ச்சகர், எத்தனை தமிழ் வாத்தியார், எத்தனை தபால்காரர் தங்கள் ஊர்ச் சுவரில் இருக்கிற கிறுக்கல் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருப்பார்கள்? அவர்கள் கையில் எடுத்துப் படிக்க முடிந்த சோழர் வரலாறு பண்டாரத்தாருடையது. இப்போது அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம்.

1960 ஜனவரி 2 அன்று பண்டாரத்தார் காலமானார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' மூன்றாம் பகுதி அப்போது வெளியாகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. அதில் போர் இல்லை, பட்டாபிஷேகம் இல்லை. ஊர்ச்சபை எப்படி நடந்தது, வரி எப்படி வாங்கினார்கள் என்கிற சோழர் கால ஆட்சி முறைதான். நான் சொன்ன திணைக்களமும் வெட்டியும் இறையிலியும் குடியிருக்கிற வீடு அது. எழுதியவர் அச்சில் பார்க்கவில்லை.

எதிரணி ஐயா, நீங்கள் பேசும்போது சாஸ்திரியாரின் ஆங்கில நூலிலிருந்து ஒரு பத்தியைப் படித்து, 'டாக்ஸ் ஃப்ரீ லேண்ட்' என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, "அதாவது... வரியில்லாத நிலம்" என்று தமிழாக்கினீர்கள். அந்தப் புத்தகத்தை எனக்கு ஒரு வாரம் இரவல் கொடுங்கள், கடாரம் பற்றிய பகுதியைப் படிக்க வேண்டும். பதிலுக்கு இந்த மூன்றாம் பகுதியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தச் சொல் இதில் இருக்கிறது.

வணக்கம்.